ஆழம் குறைந்த தண்ணீர்

மாம்புரி,
12.01.2024

அன்பின் தங்கச்சி அக்கீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் மச்சானும் பிள்ளைகளும் சுகம். நீயும் ரிஃபாஸும் மகள்மார் இருவரும் அந்த ஸ்பெயின் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? உம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் உன் படங்களை எழுந்துபோய் எடுத்து வந்து காட்டும்போது மட்டும் அந்த வலி தெரிவதில்லை.

வாட்சப்பில் குரல் அனுப்பாமல் ஏன் ஈமெயிலில் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். இது எழுத்து வேலை, எழுத்தில் இருப்பதுதான் வசதி. நீயும் எழுத்திலேயே பதில் அனுப்பு. வீட்டுக்கு அழைக்கும்போது இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

ஹயாத்து முகம்மது ஹாஜியாரின் மகன் ஹஸ்மியை உனக்குத் தெரியும், என்னிடம் ஆங்கிலம் படித்தவர். கடல் உள்ளே புகுந்து கிடக்கிற கல்பிட்டிக் களப்பு ஓரத்தில் விடுதி கட்டியிருக்கிறார். பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்க வரும் வெளிநாட்டவர்கள் தங்குகிற இடம். மே மாதம் கச்சான் காற்று எழும்பினால் ஸ்பெயின்காரர்கள் நிறைய வருவார்களாம். அறிவித்தல் பலகைகளை ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்ற வேண்டும். "டீச்சர், ஃபோன்ல போட்டுப் பார்த்தா ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு சொல் வருது. நீங்க செஞ்சு தாங்க" என்றார். என்னிடம் பெரிய ஆங்கில-ஸ்பானிஷ் அகராதி இருக்கிறது. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒரே பொருள் தருகிற சொற்கள்தான் இடறுகின்றன. 'டேஞ்சர்', 'ரிஸ்க்', 'ஹஸார்ட்' மூன்றும் ஆபத்துத்தான். முதலாவது கண்முன்னே நிற்கிற ஆபத்து. இரண்டாவது வரலாம், வராமலும் போகலாம். மூன்றாவது ஆபத்தை உண்டாக்கும் பொருள், ஈரப் படி மாதிரி. அதேபோல 'சேஃப்' பாதுகாப்பு, 'ஷுவர்' நிச்சயம். 'ஹயர்', 'ரென்ட்' இரண்டும் வாடகைக்கு எடுப்பது. நீ ஓ.எல்.லோடு படிப்பை விட்டதால் வித்தியாசங்களை நானே எழுதியிருக்கிறேன். இவற்றுக்கு ஸ்பானிஷில் என்னவென்று மட்டும் எழுது. சரிபார்க்கத்தான் கேட்கிறேன்.

உன் நலனுக்காகத் துஆச் செய்யும்,
ராத்தா ஸபீனா


வலென்சியா,
15.01.2024

பிரியமான ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். உம்மாவின் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன், வெந்நீர் ஒத்தடத்துக்குப் பிறகு தேய்த்து விடுங்கள்.

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் மூன்று தரம் வாசித்தேன். எனக்கு நினைவு தெரிந்து நீங்கள் என்னிடம் ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தரம்.

கண்முன்னே நிற்கிற ஆபத்து 'பெலீக்ரோ'. வரக்கூடியது 'ரியெஸ்கோ'. மூன்றாவதுக்கு இங்கே யாரும் தனிச்சொல் தேடுவதில்லை. படி ஈரமென்றால் படி ஈரம் என்றே எழுதி வைக்கிறார்கள். பாதுகாப்பு, நிச்சயம் இரண்டுக்கும் ஒரே சொல்தான், 'செகூரோ'. வந்த புதிதில் மூத்தவளின் டீச்சர் என்னைப் பார்த்து 'செகூரோ?' என்றார். பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறாளா என்று கேட்கிறாராக்கும் என்று ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அவர் கேட்டது, பாட்டு வகுப்புத்தான் 'நிச்சயமாகவா?' என்று. பிள்ளையை அந்த வருடம் பாட்டு வகுப்பில் போட்டுவிட்டார்கள். வாடகைக்கு 'அல்கிலார்' ஒன்று போதும்.

இன்னும் இருந்தால் அனுப்புங்கள் ராத்தா. நகரசபை நீச்சல் தடாகத்தில் துப்புரவு வேலை மத்தியானத்தோடு முடிகிறது. பிறகு எனக்கு நேரம் இருக்கிறது.

உங்கள் அன்புத் தங்கச்சி
அக்கீலா


மாம்புரி,
18.02.2024

அன்பின் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தைலம் வந்தது. உம்மா அதைத் தேய்ப்பதை விடக் காட்டுவதுதான் அதிகம். இங்கே எல்லாரும் சுகம். பீட்ரூட் பிடுங்கி முடிந்தது.

முதல் தொகுதிச் சொற்களைக் கொடுத்தேன். "டீச்சருக்கு ஸ்பானிஷும் தெரியுமெண்டு எங்களுக்குத் தெரியாமப் போச்சே" என்றார் ஹஸ்மி. நேற்று அடுத்த வீட்டு மர்ளியா வந்தபோது நான் செய்கிற வேலையைச் சொல்லத் தொடங்கினேன். முடிப்பதற்குள் உம்மா குறுக்கே வந்து, நீ அங்கே ஸ்பானிஷிலேயே சண்டை பிடிப்பாய் என்று ஆரம்பித்துவிட்டார். தேத்தண்ணீர் ஆறும்வரை உன் கதைதான்.

இன்னும் சில இருக்கின்றன. 'ஸ்விம்', 'பேத்': நீந்துவது, குளிப்பது. பிறகு 'ஷாலோ'. களப்புக்குள் நீட்டிக் கட்டிய மரப்பாலத்தின் முனையில் வைக்கும் பலகைக்கு. அங்கே தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். 'ஷாலோ', 'சுப்பர்ஃபிஷல்' இரண்டையும் ஏ.எல். வகுப்பில் ஒத்த பொருட்சொற்களாகத்தான் படிப்பிக்கிறேன். ஸ்பானிஷில் எது?

நோன்பு நெருங்குகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ராத்தா


வலென்சியா,
25.02.2024

பிரியமான ராத்தாவுக்கு,

ஸலாம். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. சின்னவளுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது, இரண்டு நாளில் மாறிவிடும்.

நீந்துவது 'நாதார்'. குளிப்பது 'பன்யார்ஸே'. ஷாலோவுக்கு 'போக்கோ புரொஃபுந்தா' என்று எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கொஞ்சம் ஆழம்' என்று வரும். இதை நான் அகராதியில் பார்க்கவில்லை. எங்கள் தடாகத்தில் சிறுபிள்ளைகளின் பக்கம் இருக்கிற பலகையில் அப்படித்தான் இருக்கிறது. நாள்தோறும் காலையில் அதைத் துடைக்கிறவள் நான். அதன் கீழே, தலைகீழாகப் பாயக் கூடாது என்று இரண்டாவது வரி ஒன்றும் உண்டு. அதையும் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். மரப்பாலம் என்கிறீர்கள், அந்த வரியைக் கட்டாயம் போடுங்கள்.

ராத்தா, நான் சொற்கள் சொல்லித் தருகிறேன் என்று ஹஸ்மிக்குத் தெரியுமா? பலகை மூலையில் சின்னதாக என் பெயரும் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். பிள்ளைகளுக்குக் காட்டலாம். அவர்கள் பார்த்த பலகைகளில் தங்கள் உம்மாவுக்குத் துடைக்கிற வேலை மட்டும்தான்.

அக்கீலா


மாம்புரி,
14.04.2024

அன்பின் அக்கீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடியாகப் போயிற்று. நீங்கள் எல்லாரும் சுகமென்று உம்மா சொன்னார். நோன்பும் சோதனைத் தாள்களுமாக இருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை.

பலகைகளுக்கு வர்ணம் பூசி முடிந்தது. அடுத்த வாரம் நடுவார்கள். ஒன்றிரண்டு இடங்களில் நான் திருத்தம் செய்திருக்கிறேன். அறிவித்தலில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் நிற்பதுதான் அழகு. நீட்டி எழுதினால் வாசிக்க மாட்டார்கள். ஹஸ்மி தானாகவே மூலையில் 'மொழிபெயர்ப்பு: ஸபீனா டீச்சர்' என்று போட்டுவிட்டார். அதற்கு மேல் பலகையில் இடம் இல்லை.

படம் எடுக்க மறந்துவிட்டது.

ராத்தா


வலென்சியா,
16.04.2024

ராத்தாவுக்கு,

ஸலாம். பெருநாள் வாழ்த்து. நாங்கள் சுகம்.

எந்தச் சொல்லை மாற்றினீர்கள்? பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை. சொல்லை மட்டும் எழுதி அனுப்புங்கள். ஒரு தரம் பார்த்துச் சொல்கிறேன்.

அக்கீலா


வலென்சியா,
18.06.2024

மதிப்பிற்குரிய ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துகள். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் துஆச் செய்கிறோம். இங்கே வெயில் தொடங்கிவிட்டது, தடாகத்தில் சனம் நிரம்பி வழிகிறது.

ஏப்ரலில் எழுதியதற்குப் பதில் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். ஊரில் உங்களை இப்போது ஸ்பானிஷ் டீச்சர் என்கிறார்களாம், உம்மா சொன்னார். மாஷா அல்லாஹ். விடுதிக்கு ஸ்பெயின்காரர்கள் வந்துவிட்டார்களா? பலகைகளை வாசித்துவிட்டு என்ன சொல்கிறார்கள்?

அக்கீலா


மாம்புரி,
24.06.2024

அன்பின் அக்கீலாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். யாவரும் நலம். கச்சான் காற்று பலமாக அடிக்கிறது, களப்பு முழுக்கப் பட்டங்கள். வந்தவர்கள் பலகைகளைப் பார்த்துப் பாராட்டுகிறார்கள். கவலைப்படும்படி ஒன்றுமில்லை.

ராத்தா


மாம்புரி,
12.07.2024

என் அன்புத் தங்கச்சி அக்கீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? நான் சுகம் என்று எழுத முடியவில்லை.

சென்ற சனிக்கிழமை பிற்பகல் விடுதியில் ஒரு விபத்து நடந்துவிட்டது. ஆத்ரியன் என்ற ஸ்பெயின் இளைஞர், இருபத்தாறு வயது, அன்றுதான் வந்தவர். மரப்பாலத்து முனையிலிருந்து தலைகீழாகப் பாய்ந்துவிட்டார். கழுத்தெலும்பில் வெடிப்பு. படகோட்டி மரியநாயகம் ஒரு பலகையில் கிடத்தித் தூக்கி வந்தாராம். புத்தளத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து கொழும்புக்கு மாற்றினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை எப்படி ஆகும் என்று தெரியாது.

கூட வந்தவர்கள், பலகையில் இருப்பது ஸ்பானிஷே இல்லை என்று ஹஸ்மியிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் நம் வீட்டுக்கு வந்து, "டீச்சர், இந்தச் சொல்லை யார் தந்தது?" என்று உம்மாவின் முன்னால் கேட்டார். என் தங்கச்சி தந்தது, அவள் அந்த நாட்டிலேயே இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

ஹஸ்மி உன்னை அழைப்பார். அவசரத்தில் மாறி எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. நீ தூரத்தில் இருக்கிறாய், உன்னை நோக்கி யாரும் விரல் நீட்டப் போவதில்லை. நான் நாளைக்கும் இந்த ஊரில் வகுப்பறையில் நிற்க வேண்டியவள். ராத்தா இதுவரை உன்னிடம் எதையும் கேட்டதில்லை.

ஸபீனா


வலென்சியா,
14.07.2024

ஸபீனா ராத்தாவுக்கு,

ஸலாம். நாங்கள் சுகம்.

ஹஸ்மி நேற்றே அழைத்தார். பலகையில் என்ன இருக்கிறதென்று வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். 'ஆக்வா சுப்பெர்ஃபிசியால்.' அதற்கு மேற்பரப்பில் இருக்கிற தண்ணீர் என்று பொருள். அதைப் பார்த்து, இங்கே ஆழமில்லை என்று ஒருவருக்கும் விளங்காது. பாயக் கூடாது என்ற வரி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

பெப்ரவரி 25 நான் எழுதியதைக் கீழே அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாசியுங்கள்.

இதுவரை எதையும் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜனவரியிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்? என் பெயரைப் போட அந்தப் பலகையில் இடமில்லை என்றீர்கள். குற்றத்தைப் போட மட்டும் என் பெயருக்கு இடம் கிடைத்துவிட்டது. சின்ன வயதில் வீட்டுக்கு யார் வந்தாலும் என் ஆங்கில மார்க்கை நீங்கள் சத்தமாக வாசிப்பீர்கள். முப்பத்தொன்று என்று இன்றைக்கும் உங்கள் குரலில் எனக்குக் கேட்கிறது. அன்றைக்கு உம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுப் பால் ஊற்றித் தந்ததையும் நீங்கள் பொறுக்கவில்லை.

ஹஸ்மியிடம், யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். பத்து நாள் பார்ப்பேன்.

அக்கீலா


மாம்புரி,
30.08.2024

தங்கச்சி அக்கீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உம்மா சுகம்.

ஒன்பதாவது நாள் போனேன். உன் பெப்ரவரிக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு போய், ஹஸ்மியின் முன்னால் நான்தான் வாசித்தேன். மரியநாயகமும் நின்றார். நான் முடித்த பிறகு அவர்தான் முதலில் வாய் திறந்தார். "டீச்சர், மே மாசமே நான் வந்து சொன்னனே. ஒராள் இந்தப் பலகையப் பார்த்துச் சிரிச்சவர் எண்டு." ஓம், சொன்னார். அவர்கள் எதைப் பார்த்தாலும் சிரிக்கிறவர்கள் என்று அவரை அனுப்பிவிட்டேன். உனக்கு எழுதியதோ, பாராட்டுகிறார்கள் என்று. ஹஸ்மி எல்லாப் பலகைகளையும் கழற்றச் சொன்னார். வாசல் வரை வந்து என்னை வழியனுப்பினார், அதுதான் தாங்க முடியவில்லை.

ஏன் மாற்றினேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். 'கொஞ்சம் ஆழம்' என்பது சொல் தெரியாத ஒருத்தி சுற்றி வளைத்துச் சொல்வது மாதிரி எனக்குத் தோன்றியது. அகராதியிலும் அதுதான் முதலில் இருந்தது. இருந்தும், நீ துடைக்கிற பலகையிலிருந்து வந்த சொல்லை என் பெயருக்கு மேலே வைக்க மனம் ஒப்பவில்லை. அடுத்ததாக இருந்ததை எடுத்தேன், ஏ.எல். வகுப்பில் படிப்பிக்கிற சொல் என்று. உனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. நான் இருபது வருடம் படித்து வாங்கியதை நீ பஸ்ஸிலும் சந்தையிலும் நின்று வாங்கிவிட்டாய்.

உம்மாவிடமும் சொன்னேன். உம்மா கேட்டது ஒன்றுதான்: "அவ சொன்னதையா மாத்தினீங்க?" அந்த நேரத்திலும், அந்த இளைஞரின் கையைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்திலும், என் உள்ளே எரிந்தது அக்கீலா. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆத்ரியனை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காஸ்தெயோன் என்ற இடம், உனக்கு ரயிலில் ஒரு மணி நேரம் என்றார் ஹஸ்மி. விலாசம் தந்திருக்கிறார். அவருக்கு ஒரு கடிதம் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஸ்பானிஷில் ஆக்கி வாசித்துக் காட்டுவாயா? ஒரு சொல்லையும் மென்மையாக்காதே.

ஸபீனா


வலென்சியா,
06.10.2024

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைகள் சுகம். எனக்குத் தூக்கம் சரியில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்துக்கு ஒரு மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை.

மே மூன்றாம் திகதி ஹஸ்மி விடுதியின் ஃபேஸ்புக் பக்கத்தில் புதிய பலகைகளின் படத்தைப் போட்டிருந்தார். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். மரப்பாலத்துப் பலகையையும் வாசித்தேன். சொல் பிழை என்று பார்த்தவுடனே தெரிந்தது. மூலையில் உங்கள் பெயர் இருந்தது. ரிஃபாஸிடம் காட்டி, ராத்தாவின் ஸ்பானிஷைப் பாருங்கள் என்று சிரித்தேன். உடனே சொல்லுங்கள் என்றார் அவர். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. ஸ்பெயின்காரர் ஒருவர் உங்கள் முகத்துக்கு நேரே சிரிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். ஜூன் மாதம் நான் கேட்ட கேள்வி அதற்காகத்தான். நாள்தோறும் காலையில் சரியான பலகையைத் துடைத்துக்கொண்டு, அங்கே பிழையான பலகை நிற்பதை யோசித்துச் சந்தோஷப்பட்டேன். ஒரு மனிதர் பாய்வார் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டியவள் நான்தான். அந்த இரண்டாவது வரியை எழுதச் சொன்னதே நான்தானே.

ஹஸ்மி வாசித்துக் காட்டியபோது முதல் தரம் கேட்பவள் போல இருந்தேன். உங்களைக் குற்றம் சொல்லி எழுதிய அந்தக் கடிதம், எழுதும்போது எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

செவ்வாய்க்கிழமை காஸ்தெயோனுக்குப் போனேன். ஆத்ரியன் எழுந்து நடக்கிறார். வலது கை விரல்கள் மடங்குவதில்லை. தச்சு வேலை செய்தவராம். உங்கள் கடிதத்தை ஒரு சொல்லும் குறைக்காமல் வாசித்தேன். கேட்டுவிட்டு, "உங்கள் அக்கா பிழை விட்டிருக்கிறார், அதை ஒத்துக்கொள்கிறார், சரி" என்றார். அதோடு எழுந்து வந்திருக்கலாம். நான் படத்தைப் பார்த்த கதையையும் சொன்னேன். "நான் பாய்வதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவருடைய அம்மா எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வந்துவிட்டேன். பிறகு ஆத்ரியனிடமிருந்து ஒரு வரி வந்தது. இனி வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.

ஹஸ்மிக்கு நானே எழுதிவிட்டேன். உம்மாவிடம் நீங்கள் சொல்லுங்கள். நான் சொன்னால் எனக்காக ஏதாவது சாட்டுத் தேடுவா. நீங்கள் சொன்னால், உண்மையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வா. சொல்லும்போது உங்களுக்கு உள்ளே கொஞ்சம் குளிர்ந்தால், அதை என்னிடம் மறைக்க வேண்டாம்.

முதலில் அவருடைய கைக்காகத் துஆக் கேளுங்கள். பிறகு நமக்கு.

அக்கீலா